கேப்ரிக்கு வி6 எஞ்சின்: பாகங்களைத் தேடிச் சேர்ப்பதற்கு ஒரு முழு வழிகாட்டி

எஞ்சினைக் கடைசியாக வாங்குங்கள். பழைய ஃபோர்டு கேப்ரியில் பெரிய எஞ்சின் போட ஆசைப்பட்டு யார் என்னிடம் வந்தாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். ஆனால் பலரும் நேர்மாறாகச் செய்கிறார்கள். எங்கோ ஒரு வி6, அதாவது ஆறு சிலிண்டர்கள் வி வடிவில் நிற்கும் எஞ்சின், மலிவாகக் கிடைக்கிறது. பாக்கியில் (பின்னால் திறந்த சிறு லாரியில்) ஏற்றிக் கொண்டுவந்து கராஜில் இறக்குகிறார்கள். அந்த வாரக் கடைசியிலேயே பழைய எஞ்சினைக் கழற்றிவிடுகிறார்கள். அப்புறம் கார் வருடக்கணக்கில் செங்கல் மேல் நிற்கிறது.

என் காரும் அப்படி நின்றதுதான். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் மாமா ஓட்டிக்கொண்டிருந்த 1600 சி.சி. கேப்ரி என் கைக்கு வந்தபோது, நானும் எஞ்சினைத்தான் முதலில் வாங்கினேன். விற்றவர் "எல்லாம் இருக்கிறது, தம்பி" என்றார். வீட்டுக்கு வந்து பார்த்தால் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடான பெல்ஹவுசிங் இல்லை, ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, சம்ப் (எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) வேறு வண்டியுடையது. பெல்ஹவுசிங் ஒன்றுக்காக மட்டும் ஏழு மாதம் அலைந்தேன். அந்த ஏழு மாதமும் உங்களுக்கு மிச்சமாக வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எந்த எஞ்சின்?

தென்னாப்பிரிக்காவில் கேப்ரிக்கு நான் சொல்வது எசெக்ஸ் வி6. 2994 சி.சி., 93.66 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 72.42 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுவே 60 டிகிரி. பிரிட்டனில் வந்த 3000 கேப்ரியில் இருந்ததும் இதே எஞ்சின்தான் என்பதால் காருக்கு இது அந்நியம் இல்லை. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இந்த எஞ்சின் போர்ட் எலிசபெத்தின் ஸ்ட்ருவண்டேல் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. பிரிட்டனில் நின்றுபோன பிறகும் இங்கே 2000 வரை வந்துகொண்டிருந்தது. கோர்ட்டினா, கோர்ட்டினா பாக்கி, சியரா எக்ஸ்ஆர்6, சஃபையர் என்று நம் அப்பாக்களும் மாமாக்களும் ஓட்டிய வண்டிகளில் எல்லாம் இதுதான் ஓடியது. ஆகவே எஞ்சினுக்குப் பஞ்சம் இல்லை. பஞ்சம் அதைச் சுற்றியுள்ள சாமான்களுக்குத்தான்.

கொலோன் வி6 என்று இன்னொரு ஃபோர்டு எஞ்சின் இருக்கிறது. பெயரில் இரண்டும் வி6 என்பதால் விற்பவர்களே குழம்புவார்கள். எசெக்ஸில் ஒரு பக்கத்துக்கு மூன்று எக்ஸாஸ்ட் வாய்கள் இருக்கும். பழைய 12 வால்வு கொலோனில் ஒரு பக்கத்துக்கு இரண்டுதான். இணையத்தில் படம் போட்டு விற்கும் எஞ்சினை இதை வைத்தே அடையாளம் காணலாம். ஒன்றின் பெல்ஹவுசிங் மற்றதில் பொருந்தாது.

இன்னும் பெரிதாக, வி8 போடலாமே என்று கேட்பவர்கள் பெரானாவை மனதில் வைத்துக் கேட்கிறார்கள். ஜோகன்னஸ்பர்க் பக்கம் எடன்வேலில் பேசில் கிரீன் 1970இல் தொடங்கி, 302 கன அங்குல ஃபோர்டு வி8 எஞ்சினைக் கேப்ரியில் பொருத்தி விற்றார். பெரானா என்ற பெயரில் ஏறத்தாழ 500 கார்கள் அப்படி வந்தன. அது இந்த நாட்டின் பெருமை. ஆனால் அதைப் போலச் செய்ய இந்த வழிகாட்டி போதாது. கூலிங், கியர்பாக்ஸ், பிரேக், உடம்பின் உறுதி எல்லாமே வேறு கணக்கு. உங்கள் கையில் இருப்பது உண்மையான பெரானாவாக இருக்க வாய்ப்புண்டு என்றால், ஒரு போல்ட்டைக் கூடக் கழற்றுவதற்கு முன் அதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதல் படி: தாள்கள்

எஞ்சின் மாறினால் பதிவில் உள்ள எஞ்சின் எண்ணும் மாற வேண்டும். அதற்குக் காவல்துறையின் வாகனச் சோதனைப் பிரிவில் காரைக் காட்டி அனுமதிச் சான்று வாங்க வேண்டும். எஞ்சின் எங்கிருந்து வந்தது என்று அங்கே கேட்பார்கள். அதனால் ரசீது இல்லாத எஞ்சினை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். ரசீதில் விற்றவர் பெயர், அடையாள எண், தேதி, எஞ்சின் எண் நான்கும் இருக்க வேண்டும். 2009ஆம் ஆண்டின் பழைய பொருள் விற்பனைச் சட்டப்படி ஸ்கிராப்யார்டுக்காரர் காவல்துறையில் பதிவு செய்திருக்க வேண்டும், வாங்குவது விற்பது எல்லாவற்றுக்கும் கணக்கும் வைத்திருக்க வேண்டும். ஆகவே ரசீது கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

எஞ்சின் பிளாக்கில் எண் தேய்க்கப்பட்டிருந்தாலோ, மேலே வெல்டிங் அடையாளம் தெரிந்தாலோ பேரம் பேசாமல் நடையைக் கட்டுங்கள். எண்ணைச் சிதைத்த எஞ்சினை வைத்திருப்பதே சட்டச் சிக்கல். பதிவு அலுவலகத்துக்கு ஒருமுறை நேரில் போய், உங்கள் காருக்கு என்னென்ன தாள்கள் வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காப்பீட்டுக்காரரிடமும் சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் படி: கழற்றாமல் பட்டியல் எழுதுவது

உங்கள் கார் இன்னும் ஓடுகிறது அல்லவா? அதை ஓட்டிக்கொண்டே பட்டியல் எழுதுங்கள். காருக்கு அடியில் படுத்து, ரேடியேட்டரில் தொடங்கிப் பின்சக்கரம் வரை ஒவ்வொன்றாகப் பாருங்கள். 1600 எஞ்சினிலிருந்து வி6க்குப் போகும்போது எது மாறும், எது அப்படியே இருக்கும் என்று இரண்டு பத்தியாக எழுதுங்கள்.

மாறுவது அதிகம். முன் கிராஸ்மெம்பர் (எஞ்சினைத் தாங்கும் குறுக்குச் சட்டம்), எஞ்சின் மவுன்டிங், சம்ப், எண்ணெய் உறிஞ்சும் குழாய், பெல்ஹவுசிங், ஃப்ளைவீல், கிளட்ச், கியர்பாக்ஸ், அதைத் தாங்கும் பின் கிராஸ்மெம்பர், ப்ராப்ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் சுழல் தண்டு), பின் ஆக்சில், ரேடியேட்டரும் அதன் ஹோஸ்களும், எக்ஸாஸ்ட் முழுவதும், முன் ஸ்பிரிங், முன் பிரேக், ஆக்ஸிலரேட்டர் கேபிள். பானெட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எசெக்ஸ் உயரமான எஞ்சின். 3000 கேப்ரியின் பானெட்டில் நடுவே தெரியும் புடைப்பு அழகுக்காக வைத்ததல்ல.

இந்தப் பட்டியலில் பெரிய சாமான் எதையும் யாரும் மறப்பதில்லை. மறப்பது சின்னதைத்தான். கிராங்க் (எஞ்சினின் முக்கியச் சுழல் தண்டு) முனையில் இருக்கும் ஸ்பிகாட் பேரிங், கிளட்ச் ஃபோர்க், அதன் ரப்பர் மூடி, ஆல்டர்னேட்டர் பிராக்கெட், ஸ்டார்ட்டருக்கும் பெல்ஹவுசிங்குக்கும் இடையிலான தகடு, ஃப்ளைவீல் போல்ட்டுகள். ஒரு பிராக்கெட்டுக்காக மூன்று மாதம் நிற்பதைவிட, கழற்றும்போதே அதை எடுத்து ஒரு டப்பாவில் போட்டுவிடலாம்.

மூன்றாம் படி: அரிதானதை முதலில் தேடுங்கள்

இங்கேதான் என் முழு அனுபவமும் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கோர்ட்டினா வி6 ஒன்றை முழு வண்டியாக வாங்கினால் எல்லாம் கிடைத்துவிடும் என்று தோன்றும். கிடைக்காது. மார்க் 3 முதல் வந்த கோர்ட்டினாவின் பின் ஆக்சில் காயில் ஸ்பிரிங்கில் உட்காரும். கேப்ரியுடையது இலை ஸ்பிரிங். சியராவிலோ பின் சஸ்பென்ஷனே தனித்தனி. ஆகவே எஞ்சின் தரும் வண்டி ஆக்சில் தராது. 1600 கேப்ரியில் வந்த ஆக்சில் சின்ன எஞ்சினுக்காகச் செய்தது. வி6இன் இழுவையை மெதுவாக ஓட்டும்வரை தாங்கும். ஒருநாள் மேட்டில் கிளட்சைச் சட்டென்று விட்டால் உடையும். 3000 கேப்ரியில் அட்லஸ் என்ற ஆக்சில்தான் வந்தது. அதைத்தான் தேட வேண்டும். ஃபோர்டு டிரான்சிட் வேனிலும் அட்லஸ் உண்டு, ஆனால் அகலம் வேறு. யாராவது "அட்லஸ்தான்" என்று சொன்னால் டேப்பை எடுத்து ஒரு பிரேக் டிரம் முகத்திலிருந்து மறு டிரம் முகம் வரையும், ஸ்பிரிங் உட்காரும் இடங்களுக்கு இடையிலும் அளந்து, உங்கள் காரின் அளவோடு ஒப்பிட்ட பிறகே காசைக் கொடுங்கள்.

ஆக்சில் வாங்கும்போது டிஃப் விகிதமும், அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ப்ராப்ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதும், முக்கியம். வி6 கேப்ரிகளில் 3.22, பின்னர் 3.09 வந்தன. குறி தெரியவில்லை என்றால் ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மறு சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். ப்ராப்ஷாஃப்ட் மாட்டும் ஃப்ளாஞ்ச் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம். 13 அங்குலச் சக்கரத்தில் 185/70 டயர் போட்டால் தரையில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.8 மீட்டர் ஓடும். 120 கிலோமீட்டர் வேகத்தில், 3.22 விகிதத்தில், நேரடி நான்காம் கியரில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 3600 சுற்று சுற்றும். ஐந்தாம் கியர் 0.82 என்றால் அது 2900 சொச்சத்துக்கு இறங்கும். டர்பனிலிருந்து என்3 நெடுஞ்சாலை வழியாக ஜோகன்னஸ்பர்க் போகிறவர்களுக்கு இந்த எழுநூறு சுற்றுதான் பயணம் முடிந்து தலைவலியோடு இறங்குவதா, நிம்மதியாக இறங்குவதா என்பதைத் தீர்மானிக்கும்.

அதனால் நான் சியரா வி6இன் ஐந்து கியர் பெட்டியைத்தான் சிபாரிசு செய்வேன். டைப் 9 என்று கேளுங்கள். ஆனால் நான்கு சிலிண்டர் டைப் 9க்கும் வி6 டைப் 9க்கும் முன் ஷாஃப்டின் நீளம் வேறு. பெல்ஹவுசிங்கும் கியர்பாக்ஸும் ஒரே வண்டியிலிருந்து, பிரிக்காமல் சேர்ந்து வர வேண்டும். ஒன்றை இங்கேயும் மற்றதை அங்கேயும் வாங்காதீர்கள். கிளட்ச் ஃபோர்க்கும் அதனோடேயே வரட்டும்.

அடுத்த அரிது, முன் கிராஸ்மெம்பர். 3000 கேப்ரியுடையது கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் உங்களுடையதிலேயே மவுன்டிங் இடங்களை மாற்றி வெல்டிங் செய்ய வேண்டியிருக்கும். ஸ்டீயரிங் ரேக் அதில்தான் உட்கார்ந்திருக்கிறது, சக்கரத்தின் கோணம் அதை நம்பித்தான் இருக்கிறது. அதைத் தெருமுனை வெல்டரிடம் கொடுக்காதீர்கள். சேஸி வேலை தெரிந்த இடத்தில் ஜிக் (அளவு மாறாமல் பிடிக்கும் சட்டம்) வைத்துச் செய்யச் சொல்லுங்கள்.

சம்ப் விஷயத்தில் ஒரே ஒரு விதி: சம்பின் குழி கிராஸ்மெம்பரில் மோதக்கூடாது, குழி எங்கே இருக்கிறதோ அங்கேதான் உறிஞ்சும் குழாயும் இருக்க வேண்டும். சம்பை மாற்றிவிட்டுக் குழாயை மாற்ற மறந்த ஒருவரின் எஞ்சினை நானே பிரித்துப் பார்த்திருக்கிறேன். பேரிங் எல்லாம் எண்ணெய் கிடைக்காமல் தேய்ந்து செம்பு நிறமாகியிருந்தது.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் (எஞ்சினிலிருந்து புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் குழாய்த் தொகுதி) அப்படியே. நம் கார்களில் ஸ்டீயரிங் வலப்பக்கம். வலது மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில்தான் ஸ்டீயரிங் ஷாஃப்ட் இறங்குகிறது. கோர்ட்டினா மேனிஃபோல்டைக் கையில் வாங்கியதும் பொருந்தும் என்று நம்பாதீர்கள், வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பிரேக்குக்கு 3000 கேப்ரியின் எம்16 கேலிப்பரும் அதற்கான பெரிய டிஸ்க்கும் ஸ்ட்ரட்டோடு சேர்த்துக் கிடைத்தால் விடாதீர்கள். எஞ்சினை முடித்துவிட்டுப் பிரேக்கை அப்புறம் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து கேட்காதீர்கள்.

நான்காம் படி: ஸ்கிராப்யார்டும் ஆட்களும்

டர்பனில் ஜேக்கப்ஸ், கிளேர்வுட் பக்கம் இரண்டு சனிக்கிழமை முழுவதும் ஒதுக்குங்கள். காலையிலேயே போங்கள், மதியத்துக்கு மேல் பலர் கேட்டை மூடிவிடுவார்கள். உங்கள் பட்டியல், டேப், வெர்னியர், டார்ச், கை விரலளவு காந்தம், பழைய பாகத்தின் படங்கள் எல்லாம் கையோடு இருக்கட்டும். "கேப்ரி சாமான் இருக்கிறதா" என்று கேட்டால் விலை உடனே ஏறும், அல்லது இல்லை என்ற பதில் வரும். "கோர்ட்டினா பாக்கி 3 லிட்டர், பெல்ஹவுசிங்" என்று கேளுங்கள்.

கடைக்காரரைவிட அதிகம் தெரிந்தவர்கள் ஓய்வு பெற்ற மெக்கானிக்குகள். நம் ஊர்களில் ஒவ்வொரு தெருவிலும் ஒரு தாத்தா இந்த எஞ்சினை நூறு முறை பிரித்திருப்பார். எனக்குப் பெல்ஹவுசிங் கிடைத்தது கடைசியில் டர்பனின் ஃபீனிக்ஸில் அப்படி ஒரு தாத்தா வீட்டில்தான். "தாத்தா, 3 லிட்டர் எசெக்ஸ் சாமான் ஏதாவது மூலையில் கிடக்கிறதா?" என்று கேட்டேன். எழுந்துபோய்க் கோழிக்கூண்டுக்குப் பின்னாலிருந்து சாக்கில் சுற்றியதை எடுத்து வந்தார். "இதைக் கேட்டு யாரும் வருவதில்லையே, பையா" என்றார். காசு வாங்கிக்கொள்ளவே தயங்கினார். அப்படிப்பட்டவரிடம் பேரம் பேசாதீர்கள். கார் ஓடியதும் முதல் ஆளாக அவரை உட்காரவைத்து ஒரு சுற்றுப் போய் வாருங்கள்.

பிரிட்டோரியாவில் ஸ்வார்ட்காப்ஸ் பந்தயத் திடலில் நடக்கும் 'கார்ஸ் இன் த பார்க்' போன்ற பழைய கார் கூட்டங்களில் ஆக்சில், பானெட் போன்ற அரிய சாமான்கள் கைமாறும். போகும்போது பாக்கியில் இடம் வைத்துப் போங்கள்.

ஐந்தாம் படி: இப்போது எஞ்சின்

ஆக்சில், கியர்பாக்ஸ், பெல்ஹவுசிங், கிராஸ்மெம்பர் நான்கும் வீட்டுக்கு வந்த பிறகு எஞ்சின் தேடுங்கள். முடிந்தால் வண்டியில் இருக்கும்போதே, ஓடும் நிலையில் வாங்குங்கள். சூடான எஞ்சினில் ஆறு பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்திப் பிடித்துக் கம்ப்ரெஷன் (ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தம்) பாருங்கள். எண் எவ்வளவு என்பதைவிட, ஆறுக்குள் வித்தியாசம் எவ்வளவு என்பதுதான் முக்கியம். மிக அதிகமானதற்கும் மிகக் குறைவானதற்கும் இடையே பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால், முழுவதும் பிரித்துச் சரிசெய்ய வேண்டிய எஞ்சின் என்று கணக்கிட்டு விலை பேசுங்கள்.

எசெக்ஸுக்கென்றே இரண்டு பலவீனங்கள் உண்டு.

ஒன்று, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டைச் சுற்றும் கேம் கியர். இதில் டைமிங் செயின் கிடையாது. கிராங்க் கியர் நேராகக் கேம் கியரைச் சுற்றுகிறது. அந்தக் கேம் கியர் ஃபைபர். வயதானால் பல் உதிர்ந்து எஞ்சின் நடுவழியில் நின்றுவிடும். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். அதற்குள் இருக்கும் ரோட்டர் அசையாமல் புல்லி மட்டும் தாராளமாக அசைந்தால் கியர் தேய்ந்துவிட்டது. எப்படி இருந்தாலும் உலோகக் கியர் ஒன்று வாங்கி மாற்றிவிடுவதே என் வழக்கம்.

இன்னொன்று, டிஸ்ட்ரிபியூட்டருக்கு அடியிலிருந்து எண்ணெய் பம்புக்குப் போகும் அறுகோணத் தண்டு. முனைகள் உருண்டுபோனால் பம்ப் நிற்கும், எஞ்சின் மட்டும் எண்ணெய் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். விலை மிகக் குறைவு. பழையது நன்றாகத் தெரிந்தாலும் போடாதீர்கள், கடினப்படுத்திய புதியதைப் போடுங்கள்.

டர்பன் கடல்காற்றில் கிடந்த எஞ்சினில் கோர் பிளக்குகளையும் தண்ணீர் வழிகளையும் பாருங்கள். துருக்கூழ் அடைத்திருந்தால் எவ்வளவு பெரிய ரேடியேட்டர் வைத்தாலும் டிசம்பர் வெயிலில் கொதிக்கும். மெஷின் ஷாப்பில் பிளாக்கை ரசாயனத் தொட்டியில் போட்டுச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

பிஸ்டன் ஆர்டர் கொடுக்கும் முன் போரை அளந்துவிடுங்கள். இந்த எஞ்சின்களில் பலவற்றின் சிலிண்டர்கள் ஏற்கெனவே ஒருமுறை இருமுறை கடைந்து பெரிதாக்கப்பட்டவை. எசெக்ஸில் சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட் தட்டையானது, எரியறை பிஸ்டன் தலையிலுள்ள குழியில் இருக்கிறது. ஆகவே வேறு எஞ்சினின் பிஸ்டன் அளவில் பொருந்தினாலும் உதவாது. ஹெட்டைத் தேய்க்கச் சொன்னால் ஒன்றைக் கவனியுங்கள். வி வடிவ எஞ்சினில் ஹெட் கீழே இறங்கினால் இன்டேக் மேனிஃபோல்டின் முகம் ஹெட்டோடு சரியாகப் பொருந்தாது. மேனிஃபோல்டையும் அதற்கேற்பத் தேய்க்க வேண்டும். ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2006இல் நின்றுபோனது, அதனால் ஹெட் பிரித்திருக்கும்போதே கடினமான எக்ஸாஸ்ட் வால்வு சீட் போட்டுவிடுங்கள்.

ஆறாம் படி: வெளிநாட்டிலிருந்து வரவேண்டியவை

கேஸ்கெட், கேம் கியர், பேரிங் போன்றவை பிரிட்டனில் இன்னும் புதிதாகக் கிடைக்கின்றன. விலைப்பட்டியலைப் பார்த்து ராண்டில் பெருக்கி நிறுத்திவிடாதீர்கள். சாமானின் மதிப்பு 10,000 ராண்ட், சுங்க வரி 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வரி 2,000. வாட் கணக்கிட மதிப்போடு பத்து சதவீதம், அதாவது 1,000 சேர்த்து, வரியையும் சேர்த்தால் 13,000. அதில் 15 சதவீதம் 1,950. ஆக மொத்தம் 3,950 கூடுதல், கூரியர்காரர் கட்டணம் தனி. உண்மையான வரி விகிதம் சாமானைப் பொறுத்து மாறும், ஆர்டருக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பழைய சாமானை இறக்குமதி செய்யப் பன்னாட்டு வணிக நிர்வாக ஆணையத்தின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் அனுப்பவைத்தால் துறைமுகத்தில் மாட்டிக்கொள்ளும். ஆகவே வெளிநாட்டிலிருந்து புதியதை மட்டும் வாங்குங்கள், பழையதை இங்கேயே தேடுங்கள். நிறைய சின்னப் பெட்டிகளாக வரவழைக்காமல் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வரவழையுங்கள்.

ஏழாம் படி: வைத்துப் பார்த்து, பிறகு கடைசிச் சாமான்கள்

சில சாமான்களை முன்கூட்டி வாங்கவே கூடாது. ப்ராப்ஷாஃப்ட், எக்ஸாஸ்ட் குழாய், ரேடியேட்டர் ஹோஸ் மூன்றும் அப்படி. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் வெறுமனே காருக்குள் வைத்து, மவுன்டிங்கை இறுக்கி, ஆக்சிலையும் போட்டு, காரைச் சக்கரத்தின் மேல் நிற்கவைத்த பிறகே ப்ராப்ஷாஃப்டின் நீளத்தை அளக்க வேண்டும். ஜாக்கில் தொங்கும்போது அளந்தால் தவறான நீளம் வரும். அளவை ப்ராப்ஷாஃப்ட் செய்யும் பட்டறையில் கொடுத்து, பேலன்ஸும் செய்யச் சொல்லுங்கள். நடு பேரிங் புதிதாக இருக்கட்டும்.

ரேடியேட்டருக்கு வி6 அளவு கோர் போட்டு, ஃபேனுக்கும் அதற்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். பானெட்டை மூடிப் பார்க்க மண் உருண்டையோ களிமண்ணோ ஏர் ஃபில்டர் மேல் வைத்து மெதுவாக இறக்குங்கள். எவ்வளவு நசுங்குகிறது என்பதைப் பார்த்தால் புடைப்பு எவ்வளவு வேண்டும் என்று தெரிந்துவிடும்.

எட்டாம் படி: முதல் ஸ்டார்ட்

பூசை போட்டு, கற்பூரம் ஏற்றி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கும் அவசரத்தில் இதை விட்டுவிடாதீர்கள். டிஸ்ட்ரிபியூட்டரை இன்னும் போடாமல், அறுகோணத் தண்டு பம்பில் முழுவதும் இறங்கி உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மேலிருந்து டிரில்லில் ஒரு சாக்கெட்டைப் பொருத்தி, டிஸ்ட்ரிபியூட்டர் சுற்றும் திசையிலேயே அதைச் சுற்றுங்கள். எண்ணெய் அழுத்த கேஜின் முள் எழும், டிரில்லுக்குப் பாரம் கூடும். ராக்கர் கவர் கழற்றியிருந்தால் எண்ணெய் மேலே வருவதையும் பார்க்கலாம். அதற்குப் பிறகு டிஸ்ட்ரிபியூட்டரைப் போடுங்கள். தீப்பொறி வரிசை 1-4-2-5-3-6. வயர்களில் எண் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டிவைத்தால் பக்கத்தில் நிற்கும் பத்துப் பேரின் பேச்சில் குழம்ப மாட்டீர்கள்.

எஞ்சின் பிடித்ததும் புதிய கேம் போட்டிருந்தால் இருபது நிமிடம் 2000 சுற்றுக்குக் குறையாமல் வைத்திருங்கள். நிறுத்தி, ஆறவிட்டு, எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். மறுநாள் காலை, ரசீதுகள் உள்ள கோப்பை எடுத்துக்கொண்டு காவல்துறைச் சோதனைக்கு நேரம் வாங்குங்கள்.